லாரி நிறைய சாமான் சேர்ந்துவிட்டது, ஹெலீன் புயல் நிவாரணத்துக்கு எங்கே அனுப்புவது?

#1 · மேப்பிள்மேசை · 30 செப்டம்பர் 2024, மதியம்

கம்பெனி ஒஹாயோவில். மொத்தம் 340 பேர், அதில் 22 பேர் வட கரோலைனாவில் ஆஷ்வில் கிடங்கில். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மெயில் போட்டோம், இன்று வரவேற்பறையில் நடக்க இடமில்லை. உடைகள், பாட்டில் தண்ணீர், டின் உணவு, போர்வை, பொம்மைகள். 53 அடி ட்ரெய்லர் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. நாளை காலை கிளம்பட்டும் என்கிறது மேலிடம். எங்கே அனுப்புவது? ஒரு முகவரி கொடுத்தால் போதும். ஆஷ்வில் ஆட்களில் 17 பேரிடமிருந்து தகவல் வந்துவிட்டது.

#2 · பேலட்பாண்டி · 30 செப்டம்பர், மதியம்

கிளப்பாதீங்க.

வாங்கிக்கிற ஆளு உறுதியாகாம வண்டி நகரக் கூடாது. யாரு இறக்கிக்குவாங்க, அவங்க கைபேசி எண், எத்தனை மணிக்கு, அங்க ஃபோர்க்லிஃப்ட் இருக்கா, லோடிங் டாக் (லாரி உயரத்துக்குச் சரக்கு இறக்குற மேடை) இருக்கா. இந்த அஞ்சும் எழுத்துல வரணும். இல்லன்னா என்ன ஆகும்னா, டிரைவர் ஏதோ ஒரு சர்ச் பார்க்கிங்ல நிப்பாரு, அங்க இருக்குற அஞ்சு வாலண்டியரும் வேலையைப் போட்டுட்டு கையால பெட்டி இறக்குவாங்க, சாயங்காலம் மழை பேஞ்சு அட்டைப்பெட்டியெல்லாம் கூழாயிடும். நிவாரண வேலை பாக்குறவங்க இதை "ரெண்டாவது பேரிடர்"னே சொல்லுவாங்க.

வழியையும் பாருங்க. ஐ-40 நெடுஞ்சாலை பிஜியன் ஆத்துப் பள்ளத்தாக்குல அரிச்சு ஆத்துக்குள்ள விழுந்து கிடக்கு. ஐ-26 பாலம் எர்வின் பக்கத்துல போயிடுச்சு. டென்னசி பக்கமா ஆஷ்வில் போற ரெண்டு பெரிய ரோடும் இதுதான்.

தண்ணிக் கணக்கு: 24 பாட்டில் கேஸ் ஒண்ணு 12 லிட்டர், 27 பவுண்டு. பேலட்டுக்கு (சரக்கு அடுக்குற மரத்தட்டு) 72 கேஸ்னா 1,950 பவுண்டு. ட்ரெய்லர்ல 26 பேலட் நிக்க இடமிருக்கும். ஆனா வண்டியோட சேத்து 80,000 பவுண்டைத் தாண்ட முடியாது, அதனால சரக்கு 44,000 பவுண்டோட முடிஞ்சிடும். 22 பேலட்டுக்கு மேல ஏத்த முடியாது. அது 19,000 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன்னு வெச்சா 5,000 பேருக்கு ஒரே ஒரு நாள். உங்ககிட்ட இருக்குறது மூணு பேலட் தண்ணி, மிச்சம் துணின்னு நினைக்கிறேன்.

#3 · மேப்பிள்மேசை · 30 செப்டம்பர்

இரண்டு பேலட் தண்ணீர். மிச்சம் துணி.

#4 · வரிவாசகன் · 30 செப்டம்பர், இரவு

லாரியை மறந்துவிட்டு உங்கள் பதிவின் கடைசி வரிக்கு வாருங்கள். 22 பேரில் 17 பேர். அந்த ஐந்து பேர்தான் இன்றைய வேலை. ஒரு கம்பெனி வேறு யாராலும் செய்ய முடியாத நிவாரணம் ஒன்றைச் செய்யலாம் என்றால், அது தன் சொந்த ஆட்களைக் கண்டுபிடித்து அவர்கள் கையில் பணம் சேர்ப்பதுதான்.

குரல் அழைப்பு வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அழைப்பு அறுந்து போகும், குறுஞ்செய்தி வரிசையில் காத்திருந்து போய்ச் சேரும். எண்ணால் பதில் கேளுங்கள்: 1 நலம், 2 நலம் ஆனால் வீடு சேதம், 3 உதவி தேவை. அவசரத் தொடர்புக்குக் கொடுத்திருக்கும் எண்களுக்கும் அனுப்புங்கள். அந்தப் பட்டியல் ஆஷ்வில் சர்வரில் மட்டும் இருந்தால், அடுத்த சீசனுக்குள் ஒரு அச்சுப்பிரதி ஒஹாயோ அலுவலகத்திலும் இருக்கட்டும்.

#5 · மேப்பிள்மேசை · 1 அக்டோபர்

நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் பாக்கி, அவருடைய அண்ணனிடம் பேசியாகிவிட்டது, ஆள் பத்திரம் என்கிறார்.

22 பேருக்கும் வெள்ளிக்கிழமைச் சம்பளத்தோடு ஆளுக்கு 2,000 டாலர் சேர்த்துப் போடலாம் என்று முடிவு. சரிதானே?

#6 · வரிவாசகன் · 1 அக்டோபர்

தொகை சரி, வழி தவறு. பே-ரோல் வழியாகப் போனால் அது போனஸ். கூட்டரசு வரிப் பிடித்தம் 22 சதவீதம், சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் சேர்ந்து 7.65 சதவீதம். 2,000-ல் 593 டாலர் போய்விடும், கையில் 1,407. மாநில வரி தனி. கம்பெனியும் தன் பங்குக்கு 153 டாலர் கட்ட வேண்டும்.

உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 139ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்தது. கூட்டரசு பேரிடராக அறிவித்த இடத்தில் இருக்கும் ஊழியருக்கு, காப்பீடு தராத நியாயமான செலவுகளுக்காகக் கம்பெனி கொடுக்கும் பணம் வருமானமே அல்ல. பிடித்தம் இல்லை, டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் வராது, 1099 என்ற பிற வருமானப் படிவமும் வேண்டாம். கம்பெனி அதைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வட கரோலைனாவுக்கான அறிவிப்பு செப்டம்பர் 28-லேயே வந்துவிட்டது. ஊழியரின் கவுன்டி (நம் மாவட்டம் போல) அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேர்க்கிறார்கள்.

செய்முறை: காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ, கணக்குப் பிரிவிலிருந்து போகட்டும், பே-ரோலிலிருந்து அல்ல. பேரேட்டில் தனித் தலைப்பு. ஒரு பக்க விண்ணப்பம். அதில் பெயர், வீட்டு முகவரி, கவுன்டி, என்ன செலவு (தங்குமிடம், உணவு, வீட்டுப் பழுது, சாமான், போக்குவரத்து, இறுதிச் சடங்கு), தோராயத் தொகை, "இந்தச் செலவைக் காப்பீடோ வேறு யாருமோ ஈடுசெய்யவில்லை" என்ற உறுதிமொழி, கையெழுத்து. அவ்வளவுதான். எழுத்து வடிவத் திட்டம் சட்டத்தில் கட்டாயம் இல்லை, ஆனாலும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#7 · மேப்பிள்மேசை · 1 அக்டோபர்

அப்படியானால் கிடங்கு மூடியிருக்கும் நாட்களுக்கான கூலியையும் இதிலேயே கொடுத்துவிடலாமே? வரி மிச்சம்.

#8 · வரிவாசகன் · 1 அக்டோபர்

கூடாது. இந்தப் பிரிவில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 139 செலவை ஈடுகட்ட, இழந்த கூலியை ஈடுகட்ட அல்ல. மூடிய நாட்களுக்குக் கூலி கொடுப்பது நல்ல காரியம், கொடுங்கள். ஆனால் அது சம்பளம், வரி உண்டு. மாதச் சம்பள வகையில் ஓவர்டைம் விலக்கு உள்ளவர்கள் அந்த வாரம் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் முழு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அது உங்கள் தயவு அல்ல, சட்டம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தப்பு, சேதம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் 340 பேருக்கும் ஒரே தொகை போடுவது. ஒஹாயோ கொலம்பஸில் குடை நனைந்தவருக்கு 139 இல்லை.

ரசீது கேட்காதீர்கள். வீடே ஆற்றோடு போனவரிடம் ரசீது எங்கே இருக்கும்? எதிர்பார்க்கும் செலவுக்கு ஏற்ற தொகை என்று நியாயமாகச் சொல்ல முடிந்தால் போதும், கூட்டரசு வரித் துறையான ஐஆர்எஸ்ஸும் அந்த அளவுக்குத்தான் கேட்கிறது.

#9 · மண்வெட்டி · 2 அக்டோபர்

வரிவாசகன் சார் சொன்னதோடு இதையும் உங்கள் ஆட்களிடம் இன்றே சொல்லுங்கள் மேப்பிள்: கூட்டரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவில் பதிய வேண்டும். காப்பீடு இருந்தாலும் பதிய வேண்டும். "மொத்தமே 750 டாலர்தான், அதுவும் கடன், திருப்பிக் கட்டாவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்" என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. 750 என்பது உணவு, தண்ணீர், டயப்பர் போன்ற உடனடித் தேவைக்கான முதல் தொகை. கடன் அல்ல. வாடகை, வீட்டுப் பழுது எல்லாம் அதற்குப் பிறகு தனியாக வரும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். பல கடிதங்களில் "காப்பீட்டுக் கடிதத்தை இணைக்கவில்லை", "வீட்டு உரிமை ஆவணம் இல்லை" என்றுதான் இருக்கும். இணைத்து அனுப்பினால் மறுபடி பார்ப்பார்கள். மேல்முறையீட்டுக்குக் கடித தேதியிலிருந்து 60 நாள். மனிதவளத் துறையிலிருந்து ஒருவர், ஒரு ஸ்கேனர், ஒரு மேசை. இதைச் செய்து கொடுத்தால் 20 பேலட் துணியைவிட மேல்.

#10 · பேலட்பாண்டி · 2 அக்டோபர்

எல்லாரும் மேப்பிளோட துணியையே இடிக்கிறீங்களே. (நானும்தான் இடிச்சேன்.)

சரி, அந்த வரவேற்பறையை என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லல. துணியை உங்க ஊர்லயே தர்மக் கடைக்குக் கொடுத்துடுங்க, வித்த காசை வேணா அனுப்புங்க. டின் உணவு உங்க ஊர் உணவு வங்கிக்கு. அவங்க ஒரே வலையமைப்பு, அந்தப் பக்கத்து வங்கிக்கு வேணும்னா அவங்களே மாத்திவிடுவாங்க. தண்ணி ரெண்டு பேலட் அப்படியே இருக்கட்டும். பொம்மை... குழந்தைங்க ஆஸ்பத்திரியில கேளுங்க, புதுசா இருந்தா மட்டும்.

இனிமே சேக்குறதா இருந்தா: ஒரு பேலட்ல ஒரே பொருள். 48 இஞ்சு 40 இஞ்சு பேலட், அஞ்சு அடி உயரத்துக்கு மேல வேண்டாம், பிளாஸ்டிக் சுத்தி, நாலு பக்கமும் சீட்டு: என்ன பொருள், எத்தனை, காலாவதி தேதி. "பல பொருட்கள்"னு எழுதுன பெட்டியை யாரும் திறக்கவே மாட்டாங்க. திறந்து பிரிக்கிறதுக்கு ஆள் வேணும், ஆள்தான் அங்க இல்ல.

#11 · வரிவாசகன் · 3 அக்டோபர்

லாரிக்கு ஆன மெனக்கெடலைப் பணத்துக்குத் திருப்புங்கள். ஊழியர்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் ஒரு டாலருக்கு ஒரு டாலர் போடுவது வழக்கமான முறை. அதில் பார்க்க வேண்டியது:

அமைப்பின் வரி அடையாள எண்ணை ஐஆர்எஸ்ஸின் விலக்கு பெற்ற அமைப்புகள் தேடலில் போட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் பார்க்காதீர்கள். புயல் வந்த மறுநாளே, பெரிய அமைப்பின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிய இணையதளங்கள் முளைக்கும். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் எழுத்து ஒப்புகை இல்லாமல் ஊழியர் வரிக்கழிவு கேட்க முடியாது.

தேசிய வாட் (VOAD) என்று நிவாரணத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, 1969-ல் கமீல் ஹரிக்கேன் வந்தபோது ஆளாளுக்கு ஒரே ஊருக்கு ஓடிய குழப்பத்தின் பிறகு 1970-ல் தொடங்கியது. அதன் உறுப்பினர் பட்டியலைத் தேர்வுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும்.

முழுப் பணத்தையும் இந்த மாதமே கொடுத்துவிடாதீர்கள். பாதியை இப்போது, மீதியை வசந்தத்தில். அல்லது சம்பளத்தில் 12 மாதம் 10 டாலராகப் பிடிக்கட்டும். கேமரா போன பிறகுதான் ஒவ்வொரு கவுன்டியிலும் நீண்டகால மீட்புக் குழு உருவாகும். காப்பீடும் இல்லாமல் ஃபீமா பணமும் போதாமல் நிற்கும் குடும்பங்களின் கோப்புகள் அந்த மேசைக்குத்தான் வரும். அப்போது நன்கொடை வற்றியிருக்கும்.

#12 · மேப்பிள்மேசை · 4 அக்டோபர்

ஊழியர்கள் பலர் விடுப்பை நன்கொடையாகக் கொடுக்க முன்வருகிறார்கள். ஒருவர் தன் 10 நாளையும் ஆஷ்வில் நண்பர் பெயரைச் சொல்லி அவருக்கே கொடுக்க வேண்டும் என்கிறார்.

#13 · வரிவாசகன் · 4 அக்டோபர்

இரண்டு வேறு விஷயங்கள், பெயர் மட்டும் ஒன்றுபோல இருக்கும்.

ஒன்று, விடுப்பைக் கொடுத்து அதன் பண மதிப்பைக் கம்பெனி தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது. கத்ரீனா, சாண்டி, ஹார்வி ஆகியவற்றின்போது ஐஆர்எஸ் தனி அறிவிப்பு கொடுத்து, அந்தத் தொகை ஊழியரின் வருமானம் ஆகாது என்றது. அப்படி அந்தப் பேரிடருக்கென்று அறிவிப்பு இருந்தால் மட்டுமே இது செல்லும். இல்லாவிட்டால் விடுப்பைக் கொடுத்தவர் தலையில் வரி விழும்.

இரண்டு, விடுப்பு வங்கி. 2006-59 என்ற அறிவிப்பு நிரந்தரமாகவே இருக்கிறது. ஊழியர்கள் விடுப்பை வங்கியில் போடுகிறார்கள், பாதிக்கப்பட்ட சக ஊழியர் எடுத்துக்கொள்கிறார். எடுத்தவருக்கு அது சாதாரணச் சம்பளம், வரி உண்டு. கொடுத்தவருக்கு வரியும் இல்லை, கழிவும் இல்லை. ஒரு வருடத்தில் தனக்குச் சேரும் விடுப்பைவிட அதிகமாகப் போட முடியாது. எடுத்தவர் அதைக் காசாக மாற்ற முடியாது. நியாயமான கெடுவுக்குள் பயன்படாத விடுப்பு போட்டவர்களுக்கே திரும்ப வேண்டும்.

உங்கள் நண்பர் விரும்புவது இரண்டிலும் நடக்காது. பெயர் சொல்லிக் கொடுக்கக் கூடாது. வங்கியில் போடட்டும், ஆஷ்வில் நண்பரை விண்ணப்பிக்கச் சொல்லட்டும்.

#14 · மண்வெட்டி · 4 அக்டோபர்

10 நாள் விடுப்பைக் கொடுக்கும் நண்பர் வாழ்க. அவருக்கே ஒரு வாரம் லீவு தேவைப்படப் போகிறது, பின்னால் சொல்கிறேன்.

#15 · பேலட்பாண்டி · 6 அக்டோபர்

ரெண்டாம் யோசனை. மேல #2-ல தண்ணி அனுப்பாதீங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ஆஷ்வில் நகரத்துக் குழாயே நின்னு போச்சு, நீர்த்தேக்கத்துல இருந்து வர்ற பெரிய குழாய்களே பிச்சிக்கிட்டு போயிருக்கு. தண்ணி வேணும்தான். ஆனா குடிக்கிற தண்ணி பாட்டிலைவிட யாரும் நினைக்காதது கழிப்பறைக்கு ஊத்துற தண்ணி. ஒரு தடவை ஊத்த ஒன்றரை கேலன். நாலு பேர் வீட்டுல ஒரு நாளைக்கு இருபது கேலன் ஆயிடும்.

இதுக்கு 275 கேலன் சதுரத் தொட்டி இருக்கே, கம்பிக்கூண்டுக்குள்ள வெள்ளை பிளாஸ்டிக், அது நல்லா உதவும். முன்னால என்ன ஊத்தி வெச்சிருந்தாங்கன்னு கேளுங்க, உணவுத் தரமா இருந்தா மட்டும் வாங்குங்க. நிரப்பினா தண்ணி மட்டும் 2,300 பவுண்டு, பிக்கப் வண்டியில நிரப்பி எடுத்துட்டுப் போற எண்ணம் வேண்டாம், மலை இறக்கத்துல பிரேக் நிக்காது. காலியா கொண்டு போய் வெச்சிட்டு டேங்கர்ல நிரப்பணும். குழாய்மேல பெருசா "குடிக்கக் கூடாது"ன்னு எழுதுங்க, ஆங்கிலத்துலயும் ஸ்பானிஷ்லயும்.

#16 · வரிவாசகன் · 7 அக்டோபர்

வட கரோலைனாவில் மெரியன் பக்கத்தில் நார்த் கோவ் என்ற இடத்தில் பாக்ஸ்டர் மருத்துவ நிறுவனத்தின் ஆலை வெள்ளத்தில் மூழ்கியது. நாட்டின் நரம்புவழித் திரவங்களில் (ட்ரிப்ஸ்) சுமார் 60 சதவீதம் அங்கேதான் தயாராகிறது. எங்கோ தொலைவில் மருத்துவமனைகள் பைகளை எண்ணி எண்ணிப் பயன்படுத்துகின்றன. அந்த ஆலை ஓட 2,500-க்கு மேற்பட்ட ஆட்கள் வேலைக்கு வர வேண்டும். அவர்கள் வர வீடும் பாதையும் பெட்ரோலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஊழியரைக் கவனிப்பது தனி, நாட்டுக்கு உதவுவது தனி என்று மேலிடத்தில் யாராவது பிரித்துப் பேசினால் இதைக் காட்டுங்கள்.

#17 · மேப்பிள்மேசை · 10 அக்டோபர்

நேற்றிரவு மில்டன் புயல் ஃபுளோரிடாவில் சியெஸ்டா கீயில் கரை கடந்திருக்கிறது. டாம்பாவில் எங்கள் விற்பனை ஆட்கள் மூவர் (நலம்). 139 விண்ணப்பத்தில் ஹெலீன் என்று அச்சடித்துவிட்டோம்.

#18 · வரிவாசகன் · 10 அக்டோபர்

பெயரை அடித்துவிட்டு அறிவிப்பு எண்ணுக்கு ஒரு கோடு விடுங்கள், எல்லாப் புயலுக்கும் உதவும்.

மண்வெட்டி சொன்ன 750-க்கு ஒரு திருத்தம்: அக்டோபர் 1-இலிருந்து அறிவிக்கப்படும் பேரிடர்களுக்கு அது 770. மில்டனுக்கு 770, ஹெலீனுக்கு 750. இரண்டிலும் அடிபட்டவர் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிக் கேட்பார்கள். பேரிடர்ப் பகுதியில் வசிப்பவர் பேரிடருக்கு 22,000 டாலர் வரை 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம், வருமான வரியை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் கட்டலாம், மூன்று ஆண்டுக்குள் திரும்பப் போட்டால் வரியும் இல்லை. ஆனால் கடைசி வழியாக வையுங்கள். 139 பணமும் ஃபீமாவும் வந்த பிறகு யோசிக்கட்டும்.

#19 · பேலட்பாண்டி · 11 அக்டோபர்

ஜெனரேட்டர் வாங்கிக் கொடுக்கறதா இருந்தா மூணு பொருளைச் சேத்தே கொடுங்க: பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம், 12 கேஜ் தடிமன்ல வெளிப்புற நீட்டிப்புக் கம்பி, அஞ்சு கேலன் பெட்ரோல் கேன் ரெண்டு. வீட்டுல இருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். கராஜ்ல வெச்சு கதவைத் திறந்து விட்டா போதும்னு நினைச்சவங்கதான் செத்திருக்காங்க. சுவர் பிளக்ல சொருகி வீடு முழுக்க கரண்ட் விடாதீங்க, வெளிய கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேன் மேல அது பாயும்.

5 கிலோவாட் மெஷின் பாதி சுமையில ஒரு மணிக்கு முக்கால் கேலன் குடிக்கும், ராத்திரி பகல் ஓட்டுனா 18 கேலன். ஃபிரிட்ஜுக்கு மட்டும்னா நாலு மணி ஓட்டு, நாலு மணி நிறுத்துன்னு சொல்லிக் கொடுங்க. சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தக் கூடாது. திரும்பக் கம்பெனிக்கு வந்தப்புறம் டேங்க்ல பெட்ரோலை விட்டு வெச்சா அடுத்த ஹரிக்கேனுக்கு கார்புரேட்டர் பிசின் மாதிரி அடைச்சுக்கும். காலி பண்ணி வையுங்க.

#20 · வரிவாசகன் · 11 அக்டோபர்

வாஃபிள் ஹவுஸ் உணவகம் திறந்திருக்கிறதா என்று பார்த்து சேதத்தை அளக்கும் வழக்கம் ஃபீமாவில் கிரெய்க் ஃபியூகேட் தலைவராக இருந்த காலத்தில் பிரபலமானது. முழு மெனு பச்சை, குறைந்த மெனு மஞ்சள், கடை மூடல் சிவப்பு. நம் பாண்டிக்கும் ஒரு குறியீடு வைக்கலாம்: அவர் லாரியைப் பற்றிப் பேசாத நாள் பச்சை.

#21 · பேலட்பாண்டி · 11 அக்டோபர்

இன்னும் அந்த நாள் வரல. டிரைவர்களுக்கு வேலை நேர வரம்பு தளர்வு இருக்குன்னு கேட்டுட்டு சில கம்பெனிங்க பேருக்கு ரெண்டு பேலட் தண்ணி ஏத்தி மிச்சத்துல வியாபாரச் சரக்கு அடைக்கிறாங்க. செல்லாது. நேரடி நிவாரணச் சரக்குக்கு மட்டும்தான் அந்தத் தளர்வு. தளர்வு இருந்தாலும் தூக்கம் தூக்கம்தான்.

#22 · மண்வெட்டி · 20 அக்டோபர்

ஆட்களை எப்போது அனுப்பலாம் என்று மேப்பிள் தனிமடலில் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். இப்போது வேண்டாம். தங்க இடமில்லை, நீங்கள் எடுக்கும் ஹோட்டல் அறை வீடிழந்தவருடையது. ஜனவரிக்கு மேல் ஏதாவது ஒரு வாட் உறுப்பினர் அமைப்பின் வழியாக, 8 முதல் 10 பேர், ஐந்து நாள்.

சம்பளக் கணக்கு: மணிக்கூலி ஊழியரை வேலை நேரத்தில் அனுப்பினாலோ, "எல்லோரும் வர வேண்டும்" என்று மேலாளர் சொன்னாலோ அது வேலைதான், கூலி கொடுக்க வேண்டும். மெய்யாகவே விருப்பம், வேலை நேரத்துக்கு வெளியே, வராதவருக்கு எந்தக் குறையும் இல்லை என்றால் மட்டும் தொண்டு. ஐந்து நாள் சம்பள விடுப்பு கொடுத்து அனுப்புவது எல்லோருக்கும் நிம்மதி. டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.

ஒரு வீட்டைக் காலிசெய்து சுவரைக் கழற்ற, 1,200 சதுர அடிக்குப் பத்துப் பேர் இரண்டிலிருந்து மூன்று நாள். கருவி: தட்டைக் கடப்பாரை 6, சுத்தியல் 4, சதுர முக மண்வாரி 4, தள்ளுவண்டி 2, ஐந்து கேலன் வாளி 8, ஆணி பொறுக்கும் காந்தத் துடைப்பான் 1, மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) தடிமனில் 42 கேலன் பை 100. ஆளுக்கு நாளொன்றுக்கு என்95 முகக்கவசம் 3, உள்ளே நைட்ரைல் கையுறை, வெளியே தோல் கையுறை, மூடிய கண்ணாடி. செயின்சா பயிற்சி இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். கூரை மேல் யாரும் ஏற வேண்டாம்.

உள்ளே போகும் முன் மின்சாரமும் எரிவாயுவும் அணைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, கம்பளத்திலும் தரைப்பலகையிலும் ஓர் அடித் துண்டு எடுத்து வைத்த பிறகே வெளியே தூக்க வேண்டும். வெள்ளக் காப்பீட்டு மதிப்பீட்டாளர் கேட்பார். சுவரின் மரச்சட்டத்தில் அடித்திருக்கும் ஜிப்சம் பலகையைத் தரையிலிருந்து நாலடியில் வெட்டுங்கள்.

#23 · மண்வெட்டி · 21 அக்டோபர்

என் பதிவுக்கு நானே திருத்தம். "நாலடியில் வெட்டுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னது தப்பு. நீர்க்கோட்டுக்கு மேல் குறைந்தது ஓரடி, அதுதான் கணக்கு, ஏனென்றால் பலகை திரிபோல ஈரத்தை மேலே உறிஞ்சும். நாலடி என்பது பலகையின் அகலம், புதுப் பலகை வெட்டாமல் பொருந்தும். தண்ணீர் மூன்றரை அடி நின்றிருந்தால் நாலடி போதாது, முழுச் சுவரும் வர வேண்டும்.

மலைப்பக்க வீடுகளில் தண்ணீர் மட்டும் இல்லை, சேறு. ஐந்து கேலன் வாளி நிறைய ஈரச் சேறு 65 பவுண்டுக்குக் குறையாது. முதல் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் வாளியை நிறைப்பார்கள், பதினொன்றுக்கு இருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். பாதி வாளி. வாளியின் பாதியில் வண்ண நாடா ஒட்டிவிடுங்கள், வாய் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

தெருவோரத்தில் கொட்டும்போது தனித்தனிக் குவியல்: மரம் செடி, கட்டடக் கழிவு, பிரிட்ஜ் அடுப்பு, மின்னணு, பெயின்ட் ரசாயனம், குப்பை. கலந்தால் வண்டிக்காரர் விட்டுவிட்டுப் போவார். குளிர்பெட்டியைத் திறக்காதீர்கள். நாடா சுற்றி அப்படியே தூக்குங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

#24 · பேலட்பாண்டி · 19 நவம்பர்

ஆஷ்வில் தண்ணியைக் கொதிக்க வைக்கச் சொன்ன அறிவிப்பு நேத்து எடுத்துட்டாங்க. 53 நாள். அக்டோபர் நடுவுலயே குழாயில வந்துச்சு, ஆனா கலங்கல்.

இன்னொரு வாபஸ்: மேப்பிளோட போர்வையைக் கிண்டல் பண்ணல, ஆனா துணியோட சேத்து தள்ளிட்டேன். மலையில இப்ப ராத்திரி உறையுது, கேம்பர்லயும் கூடாரத்துலயும் ஆள் இருக்காங்க. போர்வை, புரொபேன் ஹீட்டர், 20 பவுண்டு சிலிண்டர் கேக்குறாங்க. வித்தியாசம் என்னன்னா, *கேக்குறாங்க*. எண்ணிக்கை சொல்லி, முகவரி சொல்லி. இப்ப வண்டி எடுக்கலாம்.

#25 · மேப்பிள்மேசை · 20 நவம்பர்

போர்வை 6 பேலட், தண்ணீர் 2 பேலட் இன்னும் இருக்கிறது. பெயர், எண், நேரம், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. டாக் இல்லை.

#26 · பேலட்பாண்டி · 20 நவம்பர்

அப்ப 53 அடி வேண்டாம், லிஃப்ட்கேட் (சரக்கை ஏத்தி இறக்குற தூக்குப்பலகை) வெச்ச 26 அடி வண்டி. அதுல 12 பேலட் நிக்கும், தண்ணியை அச்சுக்கு முன்னால வையுங்க.

#27 · மண்வெட்டி · 3 பிப்ரவரி 2025

மேப்பிளின் குழு மார்ச்சில் போகிறது என்று கேள்வி. இரண்டு சேர்க்கை.

சுவரை மூடும் வீடாக இருந்தால் ஈரமானியை மரச்சட்டத்தில் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே வராமல் பலகை அடிக்காதீர்கள், எவ்வளவு ஆசைப்பட்டாலும். தரைக்கு அருகே, மூலையில், கட்டைக்கு அடியில் குத்துங்கள். நடுச்சுவர் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். ஈரத்தின் மேல் மூடிய சுவரை ஆறு மாதத்தில் இன்னொரு குழு வந்து கழற்றும்.

அடுத்தது வருகைத் தாள். உள்ளூராட்சி ஏற்பாட்டில் பொது இடக் கழிவு அகற்றல், விநியோக மையம், தங்குமிடம் போன்ற வேலை செய்தால், அந்தத் தொண்டு நேரத்துக்கு ஃபீமா ஒரு மதிப்புப் போட்டு, கவுன்டி கட்ட வேண்டிய பங்கில் கழித்துக்கொள்ள விடுகிறது. அந்தப் பங்கு பொதுவாக 25 சதவீதம். தனியார் வீட்டுக்குள் செய்த வேலை பொதுவாக இதில் வராது, ஆனாலும் எழுதுங்கள், எதை எடுப்பது என்று கவுன்டி முடிவு செய்யட்டும். தாள் இல்லாத நேரம் கணக்கில் இல்லை.

#28 · மேப்பிள்மேசை · 3 பிப்ரவரி

தாளில் என்னென்ன வேண்டும்?

#29 · மண்வெட்டி · 4 பிப்ரவரி

பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம், வேலை நடந்த இடத்தின் முகவரி, செய்த வேலை ஒரு வரியில் ("உதவினார்" என்று எழுதக் கூடாது, "தெருவோரக் கழிவை வண்டியில் ஏற்றினார்" என்று எழுத வேண்டும்), அவர் கையெழுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்து. உங்கள் வண்டியோ ஜெனரேட்டரோ பயன்பட்டால் அதற்குத் தனித் தாள்: வகை, திறன், ஓடிய மணிநேரம், ஓட்டியவர் பெயர். ஒவ்வொரு நாள் மாலையும் வண்டி ஏறும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மொத்தமாக நிரப்பிய தாளைக் கவுன்டி எழுத்தர் மையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பென்சில் வேண்டாம்.